மறு: திறவுச்சொல்லா, குறுக்குவழியா? ‘அழைசொல்’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உலாவியின் முகவரிப் பட்டையில் ஒரு சின்னச் சொல்லையும் தேடவேண்டியதையும் தட்டினால், நாம் குறித்துவைத்த தளத்தில் நேராகத் தேடித் தரும் வசதிக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சனிக்கிழமை வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

> ஃபயர்பாக்ஸ் ‘கீவேர்ட்’ என்கிறது. திறவுச்சொல் என்றே வைத்துவிடலாம்.

> குரோமில் ‘ஷார்ட்கட்’ என்று இருக்கிறதே. குறுக்குவழிதான் பொருத்தம்.

இருவர் சொல்வதும் உண்மை, சிக்கலும் அங்கேதான். வசதி ஒன்று, ஆங்கிலப் பெயர் இரண்டு. குரோமிலேயே முன்பு ‘கீவேர்ட்’ என்றுதான் இருந்தது. அவர்கள் பெயர் மாற்றும்போதெல்லாம் நாமும் பின்னால் ஓட வேண்டுமா? அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

என் கணினியில் இருப்பதைச் சொல்கிறேன். இணைய அகராதியான தமிழ் விக்சனரியில் ஒரு சொல்லின் பக்கத்தைத் திறந்து புத்தகக்குறியாகச் சேமித்தேன். முகவரியின் கடைசியில் அந்தச் சொல் இருந்த இடத்தை அழித்துவிட்டு விழுக்காட்டுக் குறியும் ஆங்கிலச் சிற்றெழுத்து எஸ்ஸும் (%s) போட்டேன். நாம் தட்டும் சொல் அந்த இடத்தில் போய் உட்காரும். கீவேர்ட் கட்டத்தில் ‘வி’. இனி முகவரிப் பட்டையில் ‘வி நிரை’ என்று தட்டினால் நேராக ‘நிரை’ பக்கம் வந்துவிடும். மலேசியாவின் மொழி அமைப்பான டேவான் பஹாசாவின் மலாய் அகராதிக்கு ‘m’ வைக்காமல் ‘ம’ வைத்தேன் என்று நினைக்காதீர்கள். மலாய்ச் சொல்லை ரோமன் எழுத்தில்தானே தட்டப் போகிறேன், அதற்கு ஆங்கில எழுத்துதான். தமிழ்ச் சொல் தேடும் இடத்துக்குத் தமிழ் எழுத்து. நடுவில் விசைப்பலகையை மாற்றும் தொல்லை இல்லை.

இதைத்தான் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில், எங்கள் கணினி வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். (ஊர்ப்பெயருக்கு ‘நத்தை ஆறு’ என்று பொருள். விரைவாகத் தேடுவது எப்படி என்று பாடம் நடத்த நல்ல ஊர்.) வந்தவர்களில் பாதிப்பேர் தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்.

முதலில் ‘திறவுச்சொல்’ என்றேன். முன்வரிசையில் ஓர் அம்மா, “இதையும் யாருக்கும் சொல்லக்கூடாதா தம்பி?” என்று கேட்டார். போன வாரம் கடவுச்சொல் பாடம்! ‘திறவு’ என்றதும் பூட்டு ஞாபகம் வருகிறது, அவர்மேல் தப்பில்லை. சரி, ‘குறுக்குவழி’ என்று மாற்றினேன். “முகவரிப் பட்டைக்குப் போகக் கண்ட்ரோல்-எல் என்பது ஒரு குறுக்குவழி, அதை அழுத்திவிட்டுக் குறுக்குவழியைத் தட்டுங்கள்” என்று சொல்லிவிட்டு நானே திருதிருவென்று விழித்தேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் குறுக்குவழி என்றால் செம்பனைக்குள் பூந்து போகும் ஒற்றையடிப் பாதை. அது ஓரிடத்துக்குத்தான் போகும். நம்முடையது அப்படியில்லை, கையில் கொடுக்கும் சொல்லைப் பொறுத்து வேறு வேறு பக்கத்துக்குப் போகிறது.

கடைசியில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஒரு பாட்டிதான் தீர்த்துவைத்தார்: “கூப்பிடு பேரு வைக்கிற மாதிரியா?”

அதேதான். தோட்டத்து எழுத்தரான கிராணி வைத்திருந்த பதிவில் ஒரு பெயர், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கூப்பிட ஒரு பெயர். தோட்டங்களுக்கும் அப்படித்தானே, பலகையில் ஆங்கிலப் பெயர், நம் வாயில் வேறு பெயர். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எங்கள் வீட்டில் யாரும் முழுப்பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. ‘சங்கம்’ என்றால் முடிந்தது. நீண்ட முகவரிக்கு நாமே வைத்துக்கொள்ளும் சின்னப் பெயர், கூப்பிட்டால் வரும்.

முதலில் ‘விளிச்சொல்’ என்று யோசித்தேன். ஆனால் தொல்காப்பியத்தில், ஒருவரை விளித்துக் கூப்பிடும் வேற்றுமையைப் பற்றி விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. இலக்கண ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் ‘அழைசொல்’. அழைத்த, அழைக்கின்ற, அழைக்கும் சொல். வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. தயவுசெய்து ‘அழைச்சொல்’ என்று எழுதிவிடாதீர்கள்.

> நிரலாக்கத்தில் ‘அழைப்பு’ ஏற்கெனவே இருக்கிறதே, குழப்பாதா?

குழப்பாது, பொருந்தவே செய்யும். நிரலில் ஒரு வேலையைச் செய்யும் சிறு பகுதியான செயற்கூற்றின் பெயரைச் சொல்லி அழைத்து உள்ளே ஒரு மதிப்பை அனுப்புகிறோம். ‘வி நிரை’யும் அதுதான். அந்த விழுக்காட்டு எஸ்கூட சி நிரல்மொழியில் எழுத்துகளை அச்சிடும் பிரிண்ட்எஃப் பக்கம் பழகிய குறி. அதற்கு ‘நிரப்பிடம்’ என்று பரிந்துரைக்கிறேன். பிடிக்காதவர்கள் வேறு சொல்லோடு வாருங்கள்.

டக்டக்கோ தேடுபொறியில் ஆச்சரியக்குறி போட்டு வேறு தளங்களில் தேடுவதையும் இதில் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பயன் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அந்தப் பட்டியல் அவர்கள் வைத்திருப்பது, தேடல் அவர்கள் வழியாகப் போகிறது. அழைசொல் நம் உலாவியில் நாம் வைப்பது. தனியாகவே இருக்கட்டும்.

உலாவியின் மெனுப் பட்டியில் வரவேண்டிய வரி ‘இந்தத் தேடலுக்கு அழைசொல் சேர்’ என்பதா, ‘அழைசொல் வை’ என்பதா என்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. பாட்டியைக் கேட்டால் ‘வை’ என்பார், பெயர் வைப்பதுதானே.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து