வீடியோ போட்டால் அமைதியாகப் பார்க்கிறார்கள், ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் வாய் திறப்பதில்லை (8ஆம் வகுப்பு)

மலர்_ஆங்கிலம்:

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி, தமிழ் வழி, 8ஆம் வகுப்பு. 42 பிள்ளைகள், பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் பெரிய தொடுதிரை இருக்கிறது. நெட் விட்டு விட்டுத்தான் வரும். வாரத்தில் ஒரு ஆங்கிலப் பாடவேளையை யூடியூப் வீடியோவுக்கு ஒதுக்குகிறேன். இப்போது போடுவது 10, 12 நிமிட வீடியோக்கள், தமிழ் சப்டைட்டிலோடு. ஓடும்போது சத்தமே இருக்காது. முடிந்ததும் "என்ன புரிந்தது, ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்றால் முன் பெஞ்சில் மூன்று பேர் சொல்வார்கள், மற்றவர்கள் குனிந்துகொள்வார்கள்.

எவ்வளவு நீளம் சரி? சப்டைட்டில் வைக்கலாமா? எந்தச் சேனல் இந்த வயதுக்கு ஒத்துவரும்? இன்னொன்று: அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடுவது) ஆங்கில ஆசிரியர்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது வீடியோ காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எதைக் காட்டலாம், எப்படி நடத்தலாம்?

வெண்கட்டி:

மலர் டீச்சர், கேள்வியை வீடியோவுக்குப் பின்னால் வைப்பதுதான் சிக்கலின் வேர். எதைத் தேடிப் பார்க்கிறோம் என்று தெரியாத பிள்ளை படத்தை மட்டும் பார்க்கும். காது வேலை செய்யாது. 12 நிமிடம் கழித்து "சொல்லு" என்றால் நினைவு, ஆங்கிலம், கூச்சம் மூன்றோடும் ஒரே நேரத்தில் அது போராட வேண்டும். நீளம் 2 முதல் 4 நிமிடம் போதும். அதையே மூன்று முறை காட்டுங்கள். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ஒரு வேலை கொடுங்கள்.

ஒரு முழுப் பாடவேளையை எழுதிக் காட்டுகிறேன். எடுத்துக்கொள்ளும் வீடியோ, 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த கனடா வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் ஈரத் துணியைப் பிழிந்து காட்டுவது. கனடிய விண்வெளி முகமையின் சேனலில் இருக்கிறது. அந்தச் சோதனையை யோசித்துக் கேட்டவர்கள் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த இரண்டு பள்ளி மாணவிகள். இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். நம் வயதுப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு விண்வெளியிலிருந்து பதில் வந்தது என்பதே பாதி ஊக்கம்.

முதல் 8 நிமிடம் திரை அணைந்தே இருக்கட்டும். ஒரு பக்கெட், ஒரு கைக்குட்டை. துணியை நனைத்துப் பிழியுங்கள். சோக் (நனை), ரிங் (பிழி), ட்ரிப் (சொட்டு), ஃப்ளோட் (மித) என்று நான்கு வினைச்சொற்களை மட்டும் செய்து காட்டிப் பலகையில் எழுதுங்கள். பத்துப் பதினைந்து சொல்லை முன்கூட்டியே விளக்க ஆரம்பித்தால் வீடியோ வருவதற்குள் வகுப்பு களைத்துவிடும். பிறகு கேள்வி: விண்வெளியில் இதே துணியைப் பிழிந்தால் தண்ணீர் என்ன ஆகும்? விழுமா, மிதந்து போகுமா, துளித் துளியாகப் பறக்குமா, துணியிலேயே நிற்குமா? ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: "ஐ திங்க் த வாட்டர் வில் ... பிகாஸ் ...". கோடிட்ட இடத்தை நிரப்பினால் போதும் என்பதால் கடைசி பெஞ்சும் எழுதிவிடும். கை தூக்கச் சொல்லி நான்கு ஊகத்துக்கும் எண்ணிக்கையைப் பலகையில் போடுங்கள்.

அடுத்து, ஒலியை அணைத்து ஓடவிடுங்கள். துணியை நனைத்து முடித்து அவர் இரண்டு கையாலும் பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். "ஊகத்தை மாற்றிக்கொள்ள ஒரு நிமிடம், பக்கத்தில் இருப்பவரோடு பேசலாம்." காரணத்தைத் தமிழில் பேசட்டும், எழுதிய வரியை ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் வாசிக்கட்டும். அந்த ஒரு நிமிடத்தில் 42 பேரும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாவது வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள். பிறகு முடிவு வரை காட்டுங்கள். தண்ணீர் விழாமல் துணியைச் சுற்றிக் குழாய் போலத் திரண்டு, கையிலும் ஒட்டிக்கொண்டு பரவும். வகுப்பு கத்தும். கத்தட்டும், தமிழிலேயே.

இரண்டாம் முறை ஒலியோடு. மூன்றே கேள்வி, பலகையில் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒரு வரிசைக்கு ஒரு கேள்வி. மூன்றாம் முறை 20 நொடித் துண்டு மட்டும்: ஒரு வாக்கியம், நிறுத்தம், எல்லோரும் சேர்ந்து சொல்வது. கடைசி 7 நிமிடம் நோட்டு: "ஐ தாட் த வாட்டர் வுட் ஃபால், பட் இட் ஸ்டேய்ட் ஆன் த க்ளாத்." முதலில் எழுதிய "வில்", இப்போது "வுட்" ஆகிறது. இலக்கணத்தைத் தனியாக நடத்த வேண்டிய தேவையே எழாது. தண்ணீரின் பரப்பு இழுவிசைதான் காரணம் என்பதை அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

கெடுவது இரண்டு இடத்தில். யூடியூபில் வீடியோவின் முகப்புப் படமே விடையைக் காட்டிவிடும். அதனால் பிள்ளைகள் வருவதற்கு முன்பே முழுத்திரையில் திறந்து, தொடக்கத்தில் நிறுத்தி, திரையை அணைத்து வையுங்கள். இரண்டாவது, முன்பே பார்த்த ஒரு பிள்ளை விடையைப் போட்டு உடைத்துவிடும். பார்த்தவர்கள் யார் என்று கேட்டு, அவர்களைக் கை எண்ணுவதற்கு நிறுத்திவிடுங்கள்.

திரைக்கம்பி:

கருவிப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

தொடுதிரையில் வீடியோவின் இடது பக்கத்தை இரண்டு முறை தட்டினால் 10 நொடி பின்னால் போகும். கீபோர்டு இருந்தால் கே நிறுத்தும், ஜே 10 நொடி பின்னால், இடது அம்பு 5 நொடி பின்னால், சி சப்டைட்டிலைப் போட்டு அணைக்கும். வாக்கியம் வாக்கியமாக நிறுத்துவதற்கு இடது அம்புதான் கைகொடுக்கும். 10 நொடி பின்னால் போனால் மூன்று வாக்கியம் தாண்டிவிடும். கணினியில் வீடியோ மேல் வலது கிளிக் செய்தால் அந்த நொடியிலிருந்து தொடங்கும் இணைப்பை நகலெடுக்கலாம். பாடக்குறிப்பில் அதை ஒட்டி வைத்தால் வகுப்பில் தேடி இழுக்க வேண்டாம். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் வீடியோ முடிந்ததும் அடுத்தது தானே ஓட ஆரம்பிக்கும், கவனம் போய்விடும்.

நெட்டுக்கு: யூடியூப் ஆப்பில் இந்தியாவில் பிரீமியம் இல்லாமலே பல வீடியோக்களை ஆஃப்லைனில் சேமிக்கலாம், 48 மணி நேரம் வரை இருக்கும். திங்கள் வகுப்புக்கு வெள்ளியன்று சேமித்தால் காலாவதியாகிவிடும், ஞாயிறு மாலை சேமியுங்கள். 480பி தரம் வகுப்புக்குப் போதும். சில தளங்கள் தாங்களே பதிவிறக்க வசதி தருகின்றன. அப்படித் தருகிற இடத்திலிருந்து எடுப்பதுதான் முறை.

பலரும் கவனிக்காதது ஒலி. திரையின் சொந்த ஸ்பீக்கர் முதல் மூன்று வரிசைக்குத்தான் தெளிவாகக் கேட்கும். பின்னால் இருக்கிறவர்களுக்கு மெய்யெழுத்து ஒலிகள் கரைந்து உயிரொலிதான் எட்டும். புதிய மொழியைக் கேட்கிறவர்களுக்கு அந்த இழப்பு பெரியது. சிறிய ஸ்பீக்கர் ஒன்றை வயர் மூலம் இணைத்து வகுப்பின் நடுவில், பெஞ்ச் மேல் வையுங்கள். புளூடூத் என்றால் உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடைவெளி விழலாம். ஒலியோடு ஓடும் அந்த 3 நிமிடம் மின்விசிறியை நிறுத்துங்கள். கடைசி பெஞ்சில் நீங்களே போய் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சொல்வளை:

சப்டைட்டில் விஷயத்தில் "வைக்கவே கூடாது" என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. எந்த முறைக்கு எந்த மொழியில் என்பதுதான் கேள்வி. தமிழ் சப்டைட்டில் ஓடினால் கண் அதைத்தான் படிக்கும், ஆங்கிலம் பின்னணி இரைச்சல் ஆகிவிடும். அதனால் கதை புரிய வைக்கத் தமிழ் தேவை என்றால் நீங்களே இரண்டு வரியில் வாயால் சொல்லிவிடுங்கள். முதல் முறை சப்டைட்டில் வேண்டாம். இரண்டாவது முறை ஆங்கிலத்தில் போடுங்கள்: காதில் ஒரே நீளமாகக் கேட்டது எங்கே எங்கே பிரிகிறது என்று அப்போதுதான் தெரியும். நம் பிள்ளைகளுக்கு எழுத்தில் தெரிந்த சொல்லே பேச்சில் அடையாளம் தெரிவதில்லை. "வாட் டூ யூ" என்பது "வாஜ்யூ" என்று வந்தால் புதுச் சொல் என்று நினைப்பார்கள். மூன்றாவது முறை மறுபடி அணைத்துவிடுங்கள்.

தானியங்கிச் சப்டைட்டிலா, ஆள் எழுதியதா என்பதை அமைப்புகளில் பாருங்கள். தானியங்கி என்றால் அங்கேயே எழுதியிருக்கும். ஊர்ப் பெயர், ஆள் பெயர், பின்னணி இசை உள்ள இடம் எல்லாவற்றிலும் தவறு வரும். 30 நொடி அளவு முன்பே சரிபார்த்துக் காட்டுங்கள், அல்லது தவறுகளைக் கண்டுபிடிப்பதையே 9, 10ஆம் வகுப்புக்கு வேலையாகக் கொடுங்கள். நல்ல காதுப் பயிற்சி.

வேகத்தை 0.75க்குக் குறைக்கலாம். 0.5 வேண்டாம், குரல் இழுபட்டு ஒலிகள் குழையும். குறைப்பதைவிட வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்துவது மேல், ஏனென்றால் கேட்டதை மனதில் ஓட்டிப் பார்க்க அந்த மௌனம்தான் நேரம் தருகிறது.

சேனல்: 8ஆம் வகுப்புக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலிஷ் கிட்ஸ் கதைகள் பொருந்தும், பயிற்சித் தாளும் கிடைக்கும். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய ஸ்பெஷல் இங்கிலிஷ் மரபில் வந்த வீடியோக்கள் சுமார் 1,500 அடிப்படைச் சொற்கள், சிறு வாக்கியங்கள், நிதான வேகம் என்று கட்டுப்பாட்டோடு தயாரானவை. தொடக்கநிலையினருக்கு இவ்வளவு அக்கறையோடு செய்த தொகுப்பு குறைவு. பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் உச்சரிப்பு வீடியோக்கள் நல்லவை, ஆனால் அதன் 6 மினிட் இங்கிலிஷ் இந்த வகுப்புக்குக் கடினம்: பெரும்பாலும் பேச்சுதான், பற்றிக்கொள்ளப் படம் கிடையாது. டெட் எட் சேனலின் அசைவூட்டப் பாட வீடியோக்கள் அழகு. ஆனால் விவரணை வேகமானது, செறிவானது. முழுதாகப் போடாமல் ஒரு நிமிடத் துண்டு எடுங்கள்.

மலர்_ஆங்கிலம்:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: ஊக வாக்கியம் எழுதுகிற பிள்ளைகூட எழுந்து நின்று பேசக் கூசுகிறது. உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிடுவார்களோ என்ற பயம். அதற்கு வீடியோவில் வழி உண்டா?

வெண்கட்டி:

டப்பிங் கொடுங்கள். இரண்டு பேர் பேசிக்கொள்கிற 30, 40 நொடிக் காட்சி, ஒலி அணைத்தது. நான்கு நான்கு பேராகக் குழு. இருவர் எழுதுவார்கள், இருவர் குரல் கொடுப்பார்கள். ஒரு பாத்திரத்துக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். எல்லோர் கண்ணும் திரையில் இருக்கும், பேசுகிற பிள்ளையின் முகத்தில் இருக்காது; கூச்சம் அங்கேதான் குறையும். குரல் கொடுப்பவர்களை வகுப்பின் பின்னால் நிற்க வையுங்கள். முதல் சுற்றில் வாயசைவும் சொல்லும் பொருந்தாது. இரண்டு ஒத்திகைக்கு நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் எழுதியதை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கைப்பேசியில் பதிவு செய்தால் வகுப்பிலேயே போட்டுக் காட்டிவிட்டு அழித்துவிடுங்கள். பிள்ளைகளின் குரலும் முகமும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போக வேண்டாம்.

உச்சரிப்புக்கு உதடு நெருக்கத்தில் தெரிகிற வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். நம் பிள்ளைகளுக்கு முதல் தேவை எஃப், பி வேறுபாடு. காபி குடிப்பதும் நோட்டை காப்பி அடிப்பதும் ஒரே ஒலியில் வந்துவிடும். எஃபுக்கு மேல்வரிசைப் பல் கீழுதட்டில் படிந்து காற்று தொடர்ந்து கசியும். பிக்கு இரண்டு உதடும் மூடிச் சட்டென்று திறக்கும். வாய்க்கு முன்னால் ஒரு தாள் துண்டைப் பிடித்துக்கொண்டு ஃபேன், பேன் என்று சொன்னால், பிக்குத் தாள் துள்ளும், எஃபுக்கு லேசாக அசையும். வீடியோவை ஒலியில்லாமல் ஓடவிட்டு, உதட்டைப் பார்த்து எந்தச் சொல் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிழை திருத்துவது விளையாட்டாக மாறும், யாரையும் தனியாக நிறுத்திக் காட்ட வேண்டியிருக்காது.

பயிற்சிக்களம்:

குறுவள மையக் கூட்டத்துக்கு வருகிறேன். ஊக்க உரை ஒன்றைப் போட்டு, கைதட்டி, தேநீர் குடித்துக் கலைவதில் பயன் இல்லை. இரண்டு வகை வீடியோ வேண்டும், இரண்டுக்கும் பிறகு வேலை வேண்டும்.

ஒன்று, விவாதத்தைக் கிளப்புவது. அமெரிக்க ஆசிரியை ரீட்டா பியர்சன் 2013இல் டெட் என்ற உரை மேடையில் பேசியது 8 நிமிடத்துக்குள் முடியும். 20 கேள்வியில் 18 தவறாக எழுதிய மாணவனின் தாளில் "+2" என்று எழுதிச் சிரிக்கும் முகம் வரைந்ததைச் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். ஆளுக்கொரு திருத்திய ஆங்கிலக் கட்டுரை நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தால், அதே நோட்டில் சரியாக வந்ததைக் குறித்து ஒரு வரி எழுதச் செய்யலாம். அல்லது கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா 2010இல் அதே மேடையில் பேசியது: சுனாமி பாதித்த ஒரு தென்னிந்தியக் கிராமத்தில் தமிழ் பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இருந்த உயிரித்தொழில்நுட்பப் பாடத்தைக் கணினியில் தாங்களே படித்தது. ஆசிரியர் இல்லாமல் தேர்வில் 30 சதவீதம், பாடம் தெரியாத ஒரு இளம்பெண் பின்னால் நின்று பாராட்டி ஊக்கியதும் 50 என்கிறார். அதை முழுதாக ஏற்காதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் வாதத்தையும் கேட்க வேண்டும், அதற்காகத்தான் காட்டுவது.

இரண்டு, உண்மையான வகுப்பறை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்னெடுத்த டெஸ் இந்தியா திட்டத்தின் வீடியோக்கள் இந்தியப் பள்ளிகளில் எடுத்தவை. இணை வேலை, குழு வேலை, கேள்வி கேட்கும் முறை, கதை பாட்டு நாடகம் என்று தலைப்புகள். வெளிநாட்டு வகுப்பில் 20 பிள்ளைகளைக் காட்டினால் "நம்மால் முடியாது" என்ற பேச்சு முதல் நிமிடத்திலேயே வரும். இவற்றில் வராது.

பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு கவனிப்பு வேலை கொடுங்கள். எடுத்துக்காட்டாக, ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு எத்தனை நொடி காத்திருக்கிறார் என்று கடிகாரத்தில் எண்ணுவது. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டியது: ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், 3 நொடிக்கு மேல் காத்தால் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். முன் பெஞ்ச் மூவர் மட்டும் பேசுகிற உங்கள் வகுப்புக்கும் இது பொருந்தும், டீச்சர். தாய்மொழியிலேயே 3 நொடி தேவை என்றால் ஆங்கிலத்தில் 5, 6 நொடி கொடுங்கள்.

பிறகு இரண்டிரண்டு ஆசிரியராக 5 நிமிடம் ஒருவருக்கொருவர் நடத்திப் பார்க்கட்டும். இப்படிச் சில நிமிடப் பாடம் நடத்திப் பழகுவதுதான் 1963இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தல், பி.எட். படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது கையில் கேமரா இருப்பதால் அதைச் செலவில்லாமல் செய்யலாம். கைப்பேசியை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துப் பதிவு செய்யுங்கள். பதிவைப் பதிவானவர் மட்டும் பார்ப்பார் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். குழுவில் போடப் போகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் யாரும் இயல்பாக நடத்த மாட்டார்கள். மொத்தம் 75 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள், அதில் திரை ஓடுவது 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.