கடைசிக் கிழமையில் வேட்பாளரின் கதை நாறினால் வாக்கு மாறுமா?

கொப்பிக்கடை (திருநெல்வேலி)

எனக்கும் மாமாவுக்கும் ஒரு வாக்குவாதம். விஷயம் தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். 2024 பொதுத் தேர்தலுக்கு முந்திய இரண்டு கிழமையும் கடைக்கு வந்த ஆட்களின் வாயில் பார் பெர்மிட் (சாராயக்கடை அனுமதி) கதைதான். யார் சிபாரிசுக் கடிதம் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எவ்வளவு கைமாறியது என்று ஆளுக்கொரு பட்டியல். ஒருத்தர் வட்ஸ்அப்பில் வந்த பட்டியலைக் காட்டி, "இருபது கொப்பி அடி தம்பி" என்றார். அதில் கையொப்பமும் இல்லை, எங்கிருந்து வந்தது என்றும் இல்லை. அடித்துக் கொடுத்தேன். வாக்களிப்பு அன்று பின்னேரம் அதே ஆள் ரீலோட் போட வந்தார். யாருக்குப் போட்டீர்கள் என்று சும்மா கேட்டேன். "வழமையான சின்னத்துக்குத்தான். வேற ஆருக்குப் போடுறது?" அவர் கொப்பி அடித்த பட்டியலில் முதலாவது பெயரே அந்தக் கட்சிக்காரருடையது!

மாமா இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். இதெல்லாம் தேத்தண்ணிக் கடைப் பேச்சு, சனம் மாறாது என்கிறார். சரி, மாறாவிட்டால் ஏன் ஒவ்வொரு தேர்தலிலும் இப்படி ஒன்றைப் பொத்தி வைத்திருந்து கடைசியில் எடுத்து விடுகிறார்கள்? போட்டி இறுக்கமாக இருக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? வெளிநாட்டு உதாரணம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

ராலிவாசி (ஊர் உரும்பிராய்)

மாமாவுக்கு அரைவாசிப் புள்ளி கொடுக்கலாம்.

நான் இருக்கும் அமெரிக்காவின் வட கரோலினாவில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. 2020 செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்காரர் கால் கன்னிங்ஹாம், இராணுவ ரிசேர்வ் அதிகாரி, குடும்பப் படத்தோடு விளம்பரம் செய்தவர். அக்டோபர் ஆரம்பத்தில், மனைவி அல்லாத ஒரு பெண்ணுக்கு அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள் வெளியே வந்தன. அதே நாட்களில் எதிராளி தொம் ரில்லிஸுக்குக் கோவிட், ஜனாதிபதி ட்ரம்புக்கும் கோவிட். எந்தச் செய்தியைப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தோம். கன்னிங்ஹாம் 2 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். எல்லோரும் குறுஞ்செய்தி கெடுத்தது என்றார்கள். ஆனால் அதே நாளில் இந்த மாநிலத்தில் அவருடைய கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பைடனும் 1.3 சதவீதத்தால் தோற்றார். ஆகவே கதையால் போனது என்று கணக்கில் காட்டக்கூடியது அரைச் சதவீதம்கூட இல்லை.

2024 இல் வேறு மாதிரி. ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியில் நின்றவர் மார்க் ரொபின்சன். பல வருடத்துக்கு முன் ஓர் ஆபாச இணையத்தளத்தில் அவர் எழுதியதாகச் சொல்லப்பட்டவற்றை சி.என்.என் செப்டம்பர் 19 இல் வெளியிட்டது. உங்கள் ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருந்தது, அதனால் அங்கே யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் எழுதவில்லை என்று அவர் மறுத்தார். ஏற்கெனவே பின்னுக்கு நின்ற ஆள், கடைசியில் ஏறக்குறைய 15 சதவீதத்தால் விழுந்தார். ஆனால் அதே வாக்குச்சீட்டில் ட்ரம்ப் 3 சதவீதத்துக்குச் சற்று மேலாக வென்றார். என் பக்கத்து வீட்டுக்காரர் மேலே ட்ரம்புக்கும் கீழே ஜனநாயகக் கட்சி ஸ்டைனுக்கும் போட்டவர். அதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை.

ஓய்வு வாத்தியார் (சுண்டிக்குளி)

தம்பி கொப்பிக்கடை, நீரும் மாமாவும் சீட்டின் வேறு வேறு பக்கத்தைப் பார்க்கிறீர்கள்.

வாக்கெண்ணும் கடமைக்கு யாழ். மத்திய கல்லூரிக்குப் போய்வந்தவன் நான். முதலில் கட்சி வாக்கு. அது முடிந்தபிறகுதான் கட்டுகளை அவிழ்த்து விருப்பு வாக்கு, அதாவது அந்தக் கட்சிப் பட்டியலில் எந்த வேட்பாளரின் இலக்கத்துக்குப் போட்டார்கள் என்பதை, எண்ணுவது. அதற்குள் கண் எரியத் தொடங்கிவிடும், பிளேன்ரீ ஆறிப்போயிருக்கும். கதை நாறிய வேட்பாளரின் கட்சிக் கட்டைத் தூக்கினால் தடிப்பில் பெரிய குறை தெரியாது. அவிழ்த்தால்தான் தெரியும். சின்னத்துக்கு நேரே பளிச்சென்று புள்ளடி. கீழே இலக்கப் பெட்டிகளில் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேருக்குப் புள்ளடி. அவருடைய இலக்கத்தில் ஒன்றும் இல்லை. ஒரு சீட்டில் அந்தப் பெட்டிக்குள் சின்னதாக ஒரு செருப்புக் கீறியிருந்தது, வார் எல்லாம் வைத்து. சாவடிக்குள் நின்று மினக்கெட்டுக் கீறியிருக்கிறார். முகவர்கள் சுற்றிநின்று பார்த்தார்கள், ஒரு கட்சிக்காரரும் அதைத் தங்களுடையது என்று வாதாட வரவில்லை. எந்தத் தேர்தல், எந்த இலக்கம் என்று கேட்கவேண்டாம். சத்தியம் எடுத்துச் செய்த வேலை.

என் எண்ணம் இதுதான்: கதை கேட்டுக் கோபப்பட்ட ஆள் எதிர்ப்பக்கம் தாவுவது அரிது. சீட்டில் எந்த இடத்தில் வழி இருக்கிறதோ அந்த வழியால் கோபம் வெளியே போகும். எங்களுக்கு அந்த வழி விருப்பு வாக்கு. அமெரிக்காவில் ஒரு கட்சிக்கு ஓர் ஆள்தான், இலக்கம் மாற்ற இடமில்லை. அதனால் ராலித் தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் பதவிக்குப் பதவி பிரித்துப் போடுகிறார். அலபாமாவில் இன்னொரு வழி. 2017 டிசம்பர் செனட் இடைத்தேர்தலில் ரோய் மூர் மீது, முன்னொரு காலத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் தவறாக நடந்தார் என்று பெண்கள் குற்றம் சொன்னார்கள், அவர் மறுத்தார். அவருடைய கட்சியின் மூத்த செனட்டர் ரிச்சர்ட் ஷெல்பியே தான் மூருக்குப் போடவில்லை, கட்சிக்காரர் வேறொருவரின் பெயரை எழுதினேன் என்றார். அங்கே சீட்டில் பெயர் எழுதலாம். மூர் தோற்றது 21,924 வாக்கால். எழுதப்பட்ட பெயர்களுக்கு விழுந்தது 22,800க்கு மேல். அவர்கள் எல்லோரும் மற்றக் கட்சிக்குப் போகவில்லை என்பதைக் கவனியும். போகத் தேவையும் இருக்கவில்லை.

இனி உம்முடைய கேள்வி, ஏன் பொத்தி வைக்கிறார்கள் என்பது. எதிர்க்கட்சி என்றுதானே நினைக்கிறீர்? எனக்கு முதல் சந்தேகம் அதே பட்டியலில் பக்கத்து இலக்கத்தில்தான். 2024 இல் யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனம், அதோடு மூன்று கூட்டி ஒரு பட்டியலில் 9 பேர். ஒன்றோ இரண்டோ ஆசனம்தான் கிடைக்கும் என்றால் மற்ற ஏழு பேரின் போட்டி யாரோடு? 2020 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் மூன்றாம், நான்காம் இடத்துக்காரருக்கு இடையில் ஆயிரம் விருப்பு வாக்குக்கூட வித்தியாசம் இல்லை. மத்திய கல்லூரி வாசலில் அன்றிரவு என்ன அமளி நடந்தது என்பது ஊருக்குத் தெரியும். அங்கே கதை ஒன்றும் காரணம் இல்லை. ஆனால் அவ்வளவு இறுக்கத்தில் ஒரு கதை விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியும்.

கட்சிக் கணக்கும் லேசானதல்ல. 2024 இல் தேசிய மக்கள் சக்தி இங்கே எடுத்தது 80,830 வாக்கு, நாலிலொன்றுக்குச் சற்றுக் குறைவு. மாவட்டத்தில் முதலாவதாக வந்ததற்கான மேலதிக ஆசனத்தோடு 6 இல் 3 அவர்களுக்கு. தமிழரசுக் கட்சிக்கு 63,327, ஓர் ஆசனம். வாக்கு இத்தனை துண்டாகச் சிதறும்போது, பெரிய அலை ஒன்றும் தேவையில்லை.

இன்னொன்று. தேர்தல் துண்டுப்பிரசுரம் என்றால் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர், முகவரி இருக்கவேண்டும், அது சட்டம். இருபது கொப்பி என்றாலும் கவனம்.

தையல்கடை (நெல்லியடி)

வாத்தியாரின் கணக்கில் வீட்டிலேயே நின்றுவிட்ட ஆட்களைக் காணவில்லை.

என்னிடம் சட்டை தைக்கும் ஒரு அம்மா, எந்தத் தேர்தலுக்கும் குளித்து முழுகி முதல் ஆளாகப் போகிறவ. அந்த முறை போகவில்லை. கேட்டால் முழங்கால் நோ என்றா. வாக்குச்சாவடிப் பள்ளிக்கூடம் அவவின் வேலிக்கு அடுத்த வேலி! முதல் நாள் கோயிலுக்கு நடந்து போய் வந்தவ. மற்றக் கட்சிக்குப் போட மனம் வராது, தன் கட்சிக்குப் போடக் கை வராது. அந்த முழங்கால் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

எல்லாக் கதையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். காசு அடித்தார் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் "ஆர்தான் எடுக்கேல்ல" என்று ஊசியில் நூல் கோர்ப்பார்கள். பார் என்றால் அப்படி இல்லை. பின்னேரம் ரியூஷன் விட்டு மகள் வரும் ஒழுங்கையில் அது திறக்கிறது, புருஷனின் சம்பளத்தில் பாதி அங்கே போகிறது. அதனால்தான் அந்தக் கதை எடுபட்டது. அரசியல்வாதியின் கள்ள உறவு என்றால் இரண்டு நாள் சிரிப்பு, அவ்வளவுதான். ஆனால் அதே கதை ஒரு பெண் வேட்பாளரைப் பற்றி வந்தால் சிரிப்போடு நிற்காது, ஆதாரமும் யாரும் கேட்பதில்லை. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கொப்பிக்கடை (திருநெல்வேலி)

அக்கா, மாமா இதை வாசித்துவிட்டு முழங்கால் கதையை ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை, தபால் மூலம் போடுகிறவர். "நான் போட்டபிறகு வருகிற கதையை என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

ஓய்வு வாத்தியார் (சுண்டிக்குளி)

ஒன்றும் செய்ய முடியாது. 2017 மே மாதம் மொன்டானாவில் இடைத்தேர்தலுக்கு முதல் நாள் மாலை, கிரெக் ஜியன்ஃபோர்டே என்ற வேட்பாளர் ஒரு பத்திரிகையாளரைத் தூக்கி விழுத்தினார். பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். ஆனால் பெருந்தொகை வாக்குகள் அதற்கு முன்பே தபாலில் போய்விட்டன. ஏறக்குறைய 6 சதவீதத்தால் வென்றார்.

எங்களுக்கும் அரசாங்க உத்தியோகத்தர்களின் வாக்கு முன்கூட்டியே போய்விடும். கடைசி 48 மணித்தியாலம் பிரசாரத் தடை, ஆனால் வட்ஸ்அப்புக்கு யார் தடை போடுவது? குற்றம் சாட்டப்பட்டவர் மறுப்புக் கூட்டம் வைக்கவும் முடியாது. அந்த இரண்டு நாளில் வருகிற குரல்பதிவுகளை நான் நம்புவதில்லை.

ராலிவாசி (ஊர் உரும்பிராய்)

இங்கே 2024 இல் முன்கூட்டிய வாக்களிப்பு அக்டோபர் 17 இலிருந்து நவம்பர் 2 வரை நடந்தது. கதை எடுத்து விடுகிறவர்களுக்குத் தேதி பார்ப்பதே பெரிய பாடு. நான் இரண்டாம் நாளே போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த வீடியோ ஒன்றையும் திறக்கவில்லை, மச்சான் அனுப்பியதைக்கூட.