சோலார் போடாதவர்கள் யாராவது பேசுவீர்களா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதுமுனைவர் ஆய்வு செய்கிறேன். கூரை சோலார் யார் வீட்டுக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, அதில் அரசின் பங்கு என்ன என்பதுதான் தலைப்பு. 2023 மார்ச் முதல் 2024 பிப்ரவரி வரை தந்த வரிச் சலுகையையே பாருங்கள்: புதுப் பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட். இன்வர்ட்டருக்கும் பேட்டரிக்கும் கிடையாது. வருமான வரியே கட்டாத குடும்பத்துக்கு அதனால் என்ன லாபம்?

இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சோலார் போட்ட பதினொரு பேர் பேசிவிட்டார்கள் (ஒரு தாத்தா ஏணி வைத்து என்னைக் கூரைக்கே ஏற்றிவிட்டார்). போடாதவர்களில் ஒருவர்கூட இல்லை. நான்கு மாதமாக முயல்கிறேன். கோயில் பலகையில் அறிவிப்பு ஒட்டினேன். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட்டில் துண்டுச்சீட்டு கொடுத்தேன். வாங்கிக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டார்கள், அதோடு சரி. வீடு வீடாகப் போனால், "மீட்டர் பார்க்க வந்தியா தம்பி?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கையில் கோப்பு இருந்ததுதான் தப்பு போல.

அக்டோபரோடு களப்பணி முடிகிறது. பெயர் எங்கும் வராது, மீட்டரைப் பற்றிக் கேட்கவும் மாட்டேன்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வாடகை வீட்டிலோ ஃபிளாட்டிலோ சோலார் இல்லாமல் மின்வெட்டைச் சமாளித்தவர்கள், அரை மணி நேரம் என்னோடு பேச முடியுமா?