புதுப்பிப்பு: மணியின் சாம்பல் கலந்த தொட்டியில் நந்தியாவட்டை பிழைத்துவிட்டது

வீட்டிலேயே பிறந்து வளர்ந்த இறந்துபோன எங்கள் பொமரேனியன் நாய் மணியின் சாம்பலை, செடி பட்டுப்போகாமல் தொட்டி மண்ணில் சேர்ப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செடி மொட்டு விட்டிருக்கிறது.

கைகொடுத்தது, "வேரடியில் கொட்டாதீங்க, தொழுவுரத்தோட கலந்து ஆறப்போடுங்க" என்ற யோசனைதான். எரித்த சாம்பலில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைய இருந்தாலும் காரத்தன்மையும் (புளிப்புக்கு எதிரானது) உப்பும் மிக அதிகம். அப்படியே போட்டால் உப்பு வேரைக் கருக்கும். காரத்தால் இரும்புச்சத்து ஏறாமல் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

5 கிலோ நாய்க்கு ஏறக்குறைய ஒரு டம்ளர் சாம்பல்தான் வரும். சல்லடையில் தங்கிய வெள்ளை எலும்புத் துணுக்குகளை ஒரு சின்னச் செம்பில் பத்திரமாக வைத்துவிட்டோம். தூளில் ஒரு கைப்பிடி மட்டும், அதைப்போல் 20 மடங்கு மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் மூடி வைத்தோம். பிறகு செம்மண், நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு சேர்த்து 14 அங்குலத் தொட்டியில் நட்டு, மணி மதியத்தில் படுத்திருந்த பால்கனி மூலையில் வைத்தாயிற்று.

எதிர்பாராத ஒன்று: இலை நுனி கருகியது. சாம்பலே சேராத பக்கத்துத் தொட்டியிலும் அதே கருகல், ஆகவே காரணம் உப்பேறிய போர் தண்ணீர். மெட்ரோ தண்ணீரை அடித்துளையில் வழியும்வரை ஊற்றி அலசியதும் புதுத் துளிர் சுத்தமாக வந்தது.

இட்லிப்பூவுக்கு இந்த முறை வேண்டாம். அது புளிப்பு மண் கேட்கும் செடி.