கொழுக்கட்டைப் புல் கதிரை எதிர்வெயிலில் எடுத்தால் சுணை வெள்ளைத் திட்டாகிறது, என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். ஏபிஎஸ்-சி (சென்சார் அளவு) கேமரா, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், 12 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (நெருங்கி எடுக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வளையம்) வைத்திருக்கிறேன். மாலை வெயிலுக்கு எதிரே கதிரை எடுத்தால் சுணை (கதிரின் மெல்லிய மயிர்) இழை இழையாகத் தெரியாமல் வெள்ளையாக அப்பிக்கொள்கிறது. லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளாரிட்டி ஸ்லைடரைக் கூட்டினால் கதிரைச் சுற்றி ஒளிவட்டம் விழுகிறது. கடைசியில் பழைய காகிதத்தில் மையால் வரைந்ததுபோல் கொண்டுவர வேண்டும். எங்கே தவறு?

பதில் 1:
தவறு எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. பின்னால் மரநிழல் இருட்டாக இருந்தால், கேமரா அந்த இருட்டை அளந்து மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கிவிடும். சுணை எரிந்துபோகும், எரிந்ததை எடிட்டிங்கில் மீட்க முடியாது. எக்ஸ்போஷரை -1 முதல் -1.7 வரை இறக்கி, ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டாமல் பாருங்கள். ரா ஃபைலில்தான் (கேமரா சுருக்காத மூலப் பதிவு) எடுக்க வேண்டும்.

அடுத்தது அப்பெர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரம்; எஃப் எண் கூடினால் துவாரம் சிறுக்கும். அந்த டியூபோடு, ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்தாலே கதிர் லென்ஸிலிருந்து ஏறக்குறைய 25 செ.மீ. தூரத்துக்கு வந்துவிடும். அங்கே எஃப்/1.8-இல் தெளிவாக விழும் ஆழம் 2 மி.மீ. கூட இல்லை, எஃப்/8-இல் 7 மி.மீ. கிடைக்கும். கதிரின் அச்சு சென்சாருக்கு இணையாக இருக்கும்படி கேமராவைத் திருப்பினால் அந்த 7 மி.மீ. நுனிமுதல் அடிவரை போதும்.

கிளாரிட்டியைத் தொடாதீர்கள். அது விளிம்பின் இருபுறமும் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டுவதால்தான் வட்டம் விழுகிறது. கதிருக்கு மட்டும் மாஸ்க் போட்டு டெக்ஸ்ச்சர் +20, ஹைலைட்ஸ் -50. பச்சையின் சாச்சுரேஷனைப் பாதியாகக் குறைத்தால் பொன்னிற இழை தானாக எழுந்து நிற்கும்.

பதில் 2:
மைச்சித்திரம் வேண்டுமென்றால் அந்த எதிர்வெயில் படம் உதவாது. அதற்கென்று வேறு படம் எடுங்கள். மேகம் மூடிய நாளில், வெறும் வானம் பின்னணியாக வரும்படி தரையோரம் தாழ்ந்து, எக்ஸ்போஷரை +1.5 அல்லது +2 வைத்து எடுத்தால் வானம் வெள்ளையாகி, கதிர் கருங்கோடாக நிற்கும். ஜிம்ப் என்ற எடிட்டிங் மென்பொருளில் காகிதத்தின் படத்தைக் கீழ் லேயராகவும் கதிரை மேல் லேயராகவும் வைத்து, மேல் லேயரின் மோடை மல்டிப்ளை ஆக்குங்கள். வெள்ளை மறைந்து கோடு மட்டும் காகிதத்தில் இறங்கும்.

கேட்டவர்:
செய்துபார்த்தேன். கதிரைச் சுற்றிச் சாம்பல் நிறச் செவ்வகம் தெரிகிறது. கோடுகளின் ஓரத்தில் ஊதாவும் தெரிகிறது.

பதில் 2:
உங்கள் வானம் முழு வெள்ளை இல்லை. முழு வெள்ளையின் எண்ணான 255 என்றால் மல்டிப்ளையில் சுவடே இருக்காது. 240 இருந்தால் காகிதம் 6 சதவீதம் கறுக்கும், அதுதான் அந்தச் செவ்வகம். லெவல்ஸ் கருவியில் வெள்ளை முக்கோணத்தை 235 பக்கம் இழுங்கள். மேலும் இழுத்தால் மெல்லிய சுணை முதலில் காணாமல் போகும், அங்கே நிறுத்திவிட்டு மிச்சச் சாம்பலை வெள்ளைப் பிரஷ்ஷால் மூடுங்கள். ஊதாவுக்குக் கதிர் லேயரைக் கறுப்பு வெள்ளையாக்கினாலே போதும். மாறாக, இருட்டுப் பின்னணிப் படத்தை இருண்ட காகிதத்தின் மேல் ஸ்கிரீன் மோடில் வைத்தால் கறுப்பு மறைந்து ஒளிரும் சுணை நிற்கும். நாணல் பூவுக்கு இது மிக அழகு.

பதில் 3:
காற்றையும் கவனியுங்கள். ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம், தேவையென்றால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800. தண்டின் அடியில் ஒரு குச்சி நட்டுத் துணிக் கிளிப்பால் பிடித்தால் பாதி ஆட்டம் நிற்கும். பறித்துக்கொண்டு போகாதீர்கள், வாடினால் கதிரின் வளைவே மாறிவிடும். முட்டி போடும் இடத்தில் நெருஞ்சி இருக்கிறதா பாருங்கள். பார்த்தீனியம் பக்கத்தில் இருந்தால் முழுக்கைச் சட்டை போடுங்கள், தோலில் பட்டால் அரிப்பு வரும்.