படகு டிரெய்லரோடு முதல் நெடும்பயணம், வழியில் சக்கரம் மக்கர் பண்ணினால்?

அலை_தேடி:
வணக்கம். மெல்பர்னில் இருக்கிறேன். போன மாதம் 4.5 மீட்டர் அலுமினியப் படகு ஒன்றைப் பழைய டிரெய்லரோடு வாங்கினேன். இதுவரை வீட்டுக்குப் பக்கத்து ரேம்ப் (படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவு) வரைக்கும்தான் இழுத்திருக்கிறேன். ஈஸ்டருக்குக் குடும்பத்தோடு லேக்ஸ் என்ட்ரன்ஸ் போக ஆசை, 300 கிலோமீட்டருக்கு மேல். டிரெய்லரில் பிரேக் கிடையாது. காரில் இரண்டு சின்னப் பிள்ளைகள், நடுவழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வேன் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை. கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

தூண்டில்காரன்:
முதலில் பேரிங், அதாவது சக்கரம் உரசாமல் சுழல உதவும் உருளைகள். படகு டிரெய்லர் நடுவழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். ஓடிச் சூடான ஹப்பை (பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதி) அப்படியே தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், உப்புத்தண்ணீர் என்றால் கொஞ்ச நாளிலேயே துரு பிடித்துவிடும். அதனால் ரேம்ப்புக்குப் போனதும் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, லைட் பிளக்கையும் கழற்றிவிட்டு இறக்குங்கள்.

எனக்கு சேல் ஊருக்கு முன்னால் ஒரு சாயங்காலம் சக்கரத்திலிருந்து புகை வந்தது. ஸ்டெப்னி வைத்திருந்தேன், ஆனால் போனது டயர் இல்லையே, பேரிங். மூன்று மணி நேரம் ரோட்டோரம் நின்றோம். அதிலிருந்து பேரிங் போட்டு கிரீஸ் அடைத்த முழு ஹப் ஒன்றை எப்போதும் கூடவே எடுத்துப் போகிறேன். பழையதைக் கழற்றி இதை மாட்டினால் போதும். வாங்கும்போது உங்கள் டிரெய்லர் பேரிங் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள், இங்கே ஹோல்டன், ஃபோர்டு என்று இரண்டு அளவுகள் பரவலாக இருக்கின்றன, ஒன்றுக்கு மற்றது சேராது. கிளம்பி அரை மணி நேரத்தில் ஒரு தடவை நிறுத்தி ஹப்பில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் மேலே போகாதீர்கள்.

கிப்ஸ்லாந்து_வாசி:
பிரேக் இல்லை என்கிறீர்கள், எடை போட்டீர்களா தம்பி? டிரெய்லர் சக்கரங்கள் மேல் 750 கிலோ தாண்டினால் ஆஸ்திரேலியாவில் பிரேக் கட்டாயம். படகும் எஞ்சினும் அதற்குள் அடங்கினாலும் பெட்ரோல், ஐஸ் பெட்டி, நங்கூரம், கூடாரம் என்று ஏற்ற ஏற்ற எகிறிவிடும். எல்லாவற்றையும் ஏற்றியபிறகு எடைமேடைக்குக் கொண்டு போங்கள். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் டோ பால் மேல் உட்கார வேண்டும். பாரம் பின்பக்கம் போனால் வண்டி வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அப்படி ஆடினால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள்.

நீலக்கடல்:
பிள்ளைகள் இருப்பதால் நான் சொல்ல வேண்டியது ஒன்று. வண்டி நின்றால் முடிந்த அளவு இடதுபக்கம் ஒதுக்குங்கள், அபாய விளக்கைப் போடுங்கள். போக்குவரத்து இல்லாத இடதுபக்கக் கதவு வழியாகவே எல்லோரும் இறங்கி, கம்பித் தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வலதுபக்கச் சக்கரம் என்றால், வண்டிகள் உரசிக்கொண்டு போகும் இடத்தில் தயவுசெய்து நீங்களே மாற்றாதீர்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். வழியில் வண்டி நின்றால் உதவிக்கு வரும் உங்கள் ரோட்சைடு சந்தா டிரெய்லருக்கும் சேர்த்துத்தானா என்று இப்போதே போன் செய்து கேளுங்கள். எமர்ஜென்சி பிளஸ் ஆப்பைப் போனில் போட்டு வையுங்கள், நிற்கும் இடத்தை அவசர உதவி எண் 000-க்குச் சொல்ல அது உதவும்.

அப்புறம், வீட்டு வாசலிலேயே ஒரு தடவை டிரெய்லர் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

அலை_தேடி:
அக்கா சொன்னபடி நேற்றுச் செய்து பார்த்தேன். கார் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குச் சேரவே இல்லை! ஜாக்கியும் அச்சுக்குக் கீழே சரியாக உட்காரவில்லை. புது ஸ்பேனரும், கீழே வைக்க ஒரு தடிமனான பலகையும் வாங்கிவிட்டேன். ஸ்டெப்னி டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பார்த்தேன், 1109, அதாவது 2009-இன் 11-ஆவது வாரம் செய்தது, அதையும் மாற்றுகிறேன். எடைமேடைக்கு சனிக்கிழமை போகிறேன், எடை என்னவென்று இங்கேயே எழுதுகிறேன்.