துறைமுகம் விரிந்தால் ஸ்கேன் கட்டண வருமானமும் கூடுமா?

ஒலுவில் மாணவி:
கொழும்புத் துறைமுகம் பற்றி ஓர் ஒப்படை எழுதுகிறேன். 2013 இல் தெற்குத் துறைமுகத்தின் முதலாவது முனையமும், 2025 ஏப்ரலில் மேற்கு முனையமும் இயங்கத் தொடங்கின. அங்கு கையாளப்படும் கொள்கலன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு டிரான்ஷிப்மென்ட், அதாவது ஒரு கப்பலிலிருந்து இறக்கி வேறு கப்பலில் ஏற்றி அனுப்பப்படுபவை ஆகும். கையாளும் தொகை கூடக்கூட, சரக்குகளை ஸ்கேன் செய்வதற்கு அறவிடும் கட்டண வருமானமும் அதே வீதத்தில் கூடும் என்று எழுதலாமா? எங்கள் ஊர்த் துறைமுகத்தின் வாயை மணல் மூடியதைப் பார்த்தவள் என்பதால், கட்டினால் காசு தானாக வரும் என்ற பேச்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

கல்முனை, கிளியரிங் வேலை:
அப்படி எழுத வேண்டாம், தங்கச்சி. ஸ்கேன் கட்டணம் வழக்கமாக நாட்டுக்குள் வரும் சரக்கின் மீதே விழுகிறது. பெட்டியை ஏற்றிய லொறி நிறுத்தப்பட்டு, சாரதி இறங்கி ஒதுங்கிய பின்னரே இயந்திரம் அதனைக் கடந்து செல்லும். திரையில் தெரியும் நிழல் சுங்கப் பிரகடனத்தோடு ஒத்துப்போகிறதா என்று அலுவலர் பார்ப்பார். டிரான்ஷிப்மென்ட் பெட்டியோ ஒரு கப்பலிலிருந்து இறங்கி, முனைய முற்றத்தில் சில நாள் கிடந்து, வேறு கப்பலில் ஏறிப் போய்விடுகிறது. அதற்கு இங்கே தீர்வையும் இல்லை, இறக்குமதியாளரும் இல்லை.

உதாரணமாக, 1000 டி.ஈ.யூ. கையாளப்பட்டதாக வைத்துக்கொள்வோம் (ஒரு டி.ஈ.யூ. என்பது ஓர் இருபது அடிப் பெட்டியின் அளவு; நாற்பது அடிப் பெட்டி இரண்டு டி.ஈ.யூ.). அதில் 800 டிரான்ஷிப்மென்ட். அதுவும் இறக்கும்போது ஒரு தடவை, ஏற்றும்போது ஒரு தடவை என இரட்டிப்பாக எண்ணப்பட்டது. எஞ்சிய 200 உம் நாற்பது அடிப் பெட்டிகள் என்றால், லொறியில் ஏறுவது 100 பெட்டிதான். அதில் பாதி வெளியே போவது, அவற்றிலும் பல வெறும் பெட்டிகள். ஆகவே 1000 என்ற பெரிய எண்ணுக்குள் கட்டணம் செலுத்தும் இறக்குமதிப் பெட்டி ஏறத்தாழ 50 மட்டுமே.

மட்டக்களப்பு வாசகர்:
அப்படியானால் டிரான்ஷிப்மென்ட் பெட்டிக்கும் ஒரு சிறு கட்டணம் விதித்தால் என்ன? எண்ணிக்கை அங்கேதானே இருக்கிறது.

கல்முனை, கிளியரிங் வேலை:
விதிக்கலாம் அண்ணன், ஆனால் கப்பல் நிறுவனம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆகும் மொத்தச் செலவைப் பார்த்தே துறைமுகத்தைத் தெரிவு செய்கிறது. சிங்கப்பூர் ஏற்கனவே போட்டியில் உண்டு; 2024 டிசம்பரிலிருந்து கேரளத்தின் விழிஞ்ஞமும் வணிக அடிப்படையில் இயங்குகிறது. கட்டணம் சிறிதாயினும், ஸ்கேனுக்காகப் பெட்டி தாமதித்து அடுத்த கப்பலைத் தவறவிட்டால் அந்த இழப்பு பெரிது. பாதுகாப்புக்காகச் சில டிரான்ஷிப்மென்ட் பெட்டிகளும் பரிசோதிக்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் அதை வருமான வழி என்பதைவிடச் செலவு என்பதே பொருந்தும். அமெரிக்கா தனக்கு வரும் எல்லாக் கொள்கலன்களையும் புறப்படும் துறைமுகத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும் என்று 2007 இல் சட்டம் இயற்றிவிட்டு, 2012 என்ற காலக்கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

முனையம் பெருகும்போது இயந்திரம், ஆளணி, பராமரிப்பு, கதிர்வீச்சுப் பாதுகாப்பு எல்லாம் பெருகும், இறக்குமதி பெருகாவிட்டாலும். தங்கச்சி, இரண்டு காலங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: டொலர் தட்டுப்பாட்டால் இறக்குமதி சுருங்கிய 2022, செங்கடல் நெருக்கடியால் கப்பல்கள் வழிமாறி, கொழும்பில் டிரான்ஷிப்மென்ட் உயர்ந்த 2024 இன் முற்பகுதி. ஸ்கேன் வருமானத்தை முன்னையது நேரடியாகத் தாக்கும்; பின்னையது முற்றத்தில் நெரிசலைக் கூட்டும், உண்டியலைத் தொடாது.

ஒலுவில் மாணவி:
நன்றி, காக்கா. மொத்த டி.ஈ.யூ. தொகையை விட்டுவிட்டு, சரக்கு ஏற்றிய இறக்குமதிப் பெட்டிகளின் எண்ணிக்கையை அடிப்படையாக வைத்தே அட்டவணையைத் திருத்துகிறேன்.